நெருப்புப்பெட்டியை ஒளித்து வைத்தால் மட்டும் போதுமா?

எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை நெருப்புப்பெட்டியோடு பிடிபட்டால் வழக்கமாக நடப்பவை இரண்டு. முதுகில் ஓர் அடி விழும். நெருப்புப்பெட்டி முன்பைவிட உயரமான தட்டுக்குப் போகும். அத்தோடு விடயம் முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு அது முடிவதில்லை.

வீட்டுக்குள் சிறுவர்களுக்கு நேரும் விபத்துகள் பற்றி எழுதுவதற்காக வன்னியில் சில குடும்பங்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் சொன்ன சிறிய விடயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவருடைய மகனுக்கு அப்போது ஆறு வயது. "ஒருக்கா நல்லா அடிச்சுப்போட்டன். அதுக்குப் பிறகு அவன் நெருப்புப்பெட்டி பக்கமே போகேல்லை எண்டுதான் நினைச்சன். ஒருநாள் கட்டிலுக்குக் கீழ கூட்டேக்கதான் பாத்தன், ஒரு கை நிறைய எரிஞ்ச குச்சியள்" என்றார். அடி வாங்குவதற்கு முன்பு அந்தப் பிள்ளை முற்றத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் குச்சி உரசியிருக்கிறது. அடி வாங்கிய பிறகு மெத்தைக்கும் பாய்க்கும் இடையில், ஒருவரும் பார்க்காத இடத்துக்குப் போயிருக்கிறது.

நெருப்போடு விளையாடும் பிள்ளையைத் தடுப்பது என்றால் நெருப்பைக் கைக்கு எட்டாமல் வைப்பது மட்டுமல்ல. பிள்ளை அதை ஒளித்துச் செய்யாமல் பார்த்துக்கொள்வதும், தவறு நடந்தால் ஓடிவந்து சொல்லும் தைரியத்தை அதற்குக் கொடுப்பதும் அதற்குள் அடக்கம்.

பிள்ளை ஏன் நெருப்பைத் தேடிப் போகிறது?

நெருப்பைத் தொடும் பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. மூன்று வயதிலேயே நெருப்பின் மீது ஆர்வம் வந்துவிடும். அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதையும், அம்மம்மா சாமி விளக்கு ஏற்றுவதையும், மாமா சிகரெட் பற்றவைப்பதையும் அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்து பார்ப்பதுதான் பிள்ளையின் வேலை. அதோடு, குச்சியை உரசினால் உடனே வெளிச்சம் வருகிறது. ஒரு சின்னக் கைக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் விளையாட்டுப் பொருள் வேறு எது?

பிள்ளைக்குத் தெரியாதது நெருப்பின் வேகம். விரல் நுனியில் நிற்கும் சுடர் அதன் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது. ஊதினால் அணைந்துவிடும் என்றே நம்புகிறது. நுளம்புவலையிலோ திரைச்சீலையிலோ பட்டால் அது சில நொடிகளில் கூரை வரை ஏறும் என்பதை நான்கு வயது மூளையால் கணக்குப் போட முடியாது. எட்டு, ஒன்பது வயதில் விளையாட்டு பரிசோதனையாக மாறும்: பிளாஸ்டிக் போத்தல் எப்படி உருகுகிறது, சீனவெடியைப் பிரித்து மருந்தைக் குவித்துக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நண்பர்களின் சவால் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் விளக்கம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போதாது.

இன்னொரு விடயத்தைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தான் மூட்டிய தீ பரவத் தொடங்கினால் சிறு பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, ஒளிந்துகொள்கிறது. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், கதவுக்குப் பின்னால். எரியும் வீட்டுக்குள் நுழையும் தீயணைப்பு வீரர்கள் பிள்ளைகளை இந்த இடங்களில்தான் தேடுவார்கள். அங்கே அவர்களைக் கொல்வது பெரும்பாலும் சுடர் அல்ல, புகை. அடிக்குப் பயந்து ஒளிந்த பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் வித்தியாசம்.

எங்கள் வீடுகளில் நெருப்பு எங்கே இருக்கிறது?

நகர வீடுகளுக்கென்று எழுதப்பட்ட பாதுகாப்புக் குறிப்புகளைப் படித்தால் புகை உணரும் கருவி, தீயணைப்பு உருளை என்று தொடங்கும். ஓலைக் கொட்டிலிலும் தகரக் கூரையின் கீழும் அரைகுறையாக நிற்கும் வீட்டுத்திட்ட வீட்டிலும் வாழ்பவர்கள் வேறு இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலாவது, குப்பி விளக்கு. மின்சாரம் எட்டாத வீடுகளில் அதுதான் வெளிச்சம். மின்சாரம் இருக்கும் வீடுகளிலும் ஒரு மூலையில் அது இன்னும் இருக்கிறது. 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது பலர் அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். பழைய மருந்துப் போத்தலில் துளையிட்டுத் திரி விட்ட விளக்கு உயரமானது, பாரமற்றது. பிள்ளையின் கை பட்டால் விழும், விழுந்தால் உருளும், உருண்டால் எண்ணெய் கொட்டும். இலங்கையில் இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் பாதுகாப்பான ஒரு குப்பி விளக்கை வடிவமைத்தார். 1998 இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவருக்கு யோசனை தந்தது மாமைற் போத்தல். குட்டையான, தடித்த கண்ணாடி. விழுந்தாலும் உருளாதபடி இரண்டு தட்டைப் பக்கங்கள். எண்ணெய் கொட்டாதபடி திருகும் உலோக மூடி. அவ்வளவுதான். அந்த விளக்கு கிடைக்காவிட்டாலும் அதன் பாடம் எல்லோருக்கும் பொருந்தும். வீட்டில் விளக்குச் செய்வதென்றால் குட்டையான, கனமான, திருகு மூடியுள்ள போத்தலை எடுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் விடாதீர்கள். நுளம்புவலைக்குப் பக்கத்திலோ, பிள்ளை பாயில் படுத்தபடி கைநீட்டினால் எட்டும் இடத்திலோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, போத்தல்களில் இருக்கும் எரிபொருள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வாங்கி வந்து குசினி மூலையில் வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சின்னப் பிள்ளைக்கு அது சோடாதான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிலைமையை மோசமாக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெற்றோல் இன்னும் ஆபத்தானது. எரிபொருள் வரிசைக் காலத்தில் வீட்டில் கான்களில் சேர்த்து வைத்த பழக்கம் சிலரிடம் இன்னும் விடவில்லை. பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடி சரியாக இறுகாத கானிலிருந்து வெளியேறி நிலத்தோடு நிலமாகப் பரவும். சற்றுத் தள்ளிப் பிள்ளை உரசும் ஒரு குச்சி போதும். தீ திரும்பிக் கான் வரை ஓடிவரும்.

மூன்றாவது, நாம் நெருப்பு என்று எண்ணாத நெருப்புகள். சட்டைப் பையில் கிடக்கும் லைட்டர். கட்டிலுக்குக் கீழே புகையும் நுளம்புத்திரி. சாமித்தட்டில் ஆளில்லாமல் எரியும் விளக்கு. சமைத்து முடிந்து சாம்பல் மூடிய விறகடுப்பு. அதற்குள் பல மணித்தியாலம் தணல் உயிரோடு இருக்கும். குப்பை கொளுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்றால், முற்றத்துப் புகையிடம் பிள்ளை தனியாக இருக்கிறது. நெருப்புப்பெட்டியை மேலே வைத்துவிட்டு லைட்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். குச்சியை உரசுவதைவிட லைட்டரை அமத்துவது பிள்ளைக்குச் சுலபம்.

எங்கள் நிலத்தில் மட்டும் உள்ள ஆபத்து

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, முகமாலைப் பக்கங்களில் வாழ்பவர்களுக்கு மேலதிகமாக ஒன்று உண்டு. இங்கே முற்றத்தில் மூட்டும் தீ வெறும் தீ அல்ல. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றுபவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்பரவாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. துப்பரவாக்கி ஒப்படைத்த நிலத்துக்குப் பக்கத்திலும், கிணறு வெட்டும்போதும், மழை மண்ணை அரித்தபோதும் வெடிக்காத பொருட்கள் வெளிவருகின்றன.

மண்ணுக்குள் ஆழமில்லாமல் கிடக்கும் வெடிபொருளின் மேல் குப்பையைக் குவித்துக் கொளுத்தினால் வெப்பமே அதை வெடிக்க வைக்கலாம். ஆகவே புதிதாகக் குடியேறிய வளவில், பற்றை வெட்டாத மூலையில், பழைய பங்கர் குழிக்குள் தீ மூட்ட வேண்டாம். குப்பையை எப்போதும் ஒரே இடத்தில், நன்றாகக் கிண்டிப் பார்த்துத் தெரிந்த இடத்தில் மட்டும் கொளுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த இரும்பை, சன்னத்தை, தெரியாத எதையும் தொடக் கூடாது என்பது பாடசாலைகளில் பல தடவை சொல்லப்பட்டிருக்கிறது. அதை நெருப்பில் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பரிசோதனை செய்யும் வயது என்று மேலே சொன்னேனே, அந்த எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது முக்கியம். கண்டால் எட்ட நின்று அடையாளம் வைத்து, பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிஸுக்கோ அறிவிக்கலாம். இரும்பு விற்கும் ஆசையில் பெரியவர்களே அதைத் தொட்டால் பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்கும்?

பெற்றோரின் பயமும் பிள்ளையின் மௌனமும்

பேசிய குடும்பங்களில் நான் கவனித்த இன்னொன்று. போரைக் கண்ட தலைமுறைக்கு நெருப்பு சாதாரண விடயம் அல்ல. தறப்பாள் கொட்டில்கள் எரிந்ததைக் கண்டவர்கள், எரிந்தவர்களைச் சுமந்தவர்கள் இன்று தாயாகவும் அப்பம்மாவாகவும் இருக்கிறார்கள். பிள்ளையின் கையில் ஒரு சுடரைக் கண்டால் அவர்களுக்குள் எழும் அலறல் அந்தச் சின்னச் சுடருக்கானது மட்டுமல்ல. பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாது. அதற்குத் தெரிவது, நெருப்பைப் பற்றிப் பேசினால் அம்மா வேறு ஆளாகிவிடுவார் என்பது மட்டும். அதனால் அது பேசாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது.

இதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. கணவனை இழந்து கூலி வேலைக்குப் போகும் பெண், பேரப்பிள்ளைகளை முட்டுவலியோடு பார்க்கும் அம்மம்மா, வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் பிள்ளைகள், இவர்களுக்கு "பிள்ளையைத் தனியே விடாதீர்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம். பக்கத்து வீட்டோடு ஓர் ஒழுங்கு செய்துகொள்வதுதான் நடக்கக்கூடியது: பாடசாலை விட்டு வரும் பிள்ளை பெரியவர் உள்ள எந்த வீட்டில் இருக்கும், அடுப்பை யார் மூட்டுவார்கள், யார் தொடக் கூடாது என்று. தம்பி தங்கைக்குச் சமைக்கும் பத்து வயது அக்காவுக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது கட்டாயம். அவள் சமைக்கவே கூடாது என்று எழுதுவதால் அவள் வீட்டில் உலை கொதிக்காது.

ஆர்வத்தால் வரும் விளையாட்டும் மனவலியால் வரும் விளையாட்டும் வேறு. சொல்லிக் கொடுத்த பிறகும் திரும்பத் திரும்பத் தீ மூட்டும் பிள்ளை, கோபம் வந்தால் பொருட்களைக் கொளுத்தும் பிள்ளை, தன் உடுப்பையோ வேறொருவரின் பொருளையோ எரிக்கும் பிள்ளை, இதோடு நித்திரை குலைவு, பாயில் சலம் போதல், பள்ளிக்குப் போக மறுத்தல் இருந்தால் அடி அதற்கு மருந்து அல்ல. வீட்டில் நடக்கும் வன்முறையோ ஓர் இழப்போ துன்புறுத்தலோ அதற்குப் பின்னால் இருக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 1929, மனநல உதவிக்கு 1926 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம்.

எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரே ஒரு விதி போதும்: நெருப்புப்பெட்டி, லைட்டர் கீழே கிடந்தால் தொடாமல் வந்து சொல்ல வேண்டும். அது வந்து சொன்னால் மெச்சுங்கள். "ஏன் அங்க போனனி?" என்று கேட்காதீர்கள். ஒரு முறை அப்படிக் கேட்டால் அடுத்த முறை அது சொல்லாது.

ஆறு முதல் பத்து வயது வரை, நெருப்பைக் காட்டியே சொல்லுங்கள். எங்களிடம் அதற்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. விளக்கீட்டுக்குப் பந்தம் வைக்கிறோம். கார்த்திகையில் இழந்தவர்களுக்காக விளக்கேற்றுகிறோம். பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டுகிறோம். அந்த நாட்களில் பிள்ளையை விலக்கி வைக்காமல் பக்கத்தில் நிறுத்துங்கள். பாவாடையை, தாவணியை இழுத்துச் செருகச் சொல்லுங்கள். நைலோன் உடுப்பு எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்த பிறகே பற்றவையுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். நெருப்பு பெரியவரோடு மட்டும், தேவைக்கு மட்டும், அணைத்து முடிக்கும் வரை என்ற மூன்றும் அதன் மனதில் பதிந்துவிடும்.

பெரிய பிள்ளைகளிடம் விளைவுகளைப் பேசுங்கள். எரிகாயத்தின் வலி வாரக்கணக்கில் இருக்கும். தழும்பு கையை மடக்க முடியாமல் இழுத்துப் பிடிக்கும். சத்திரசிகிச்சைகள் வருடக்கணக்கில் தொடரலாம். பயமுறுத்தும் குரலில் அல்ல, நடப்பதைச் சொல்லும் குரலில்.

எல்லா வயதினருக்கும் மூன்று பயிற்சிகளை விளையாட்டாகச் செய்து காட்டுங்கள். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நில், விழு, உருள், கைகளால் முகத்தை மூடு. வீட்டுக்குள் புகை என்றால் குனிந்து தவழ்ந்து வெளியேறு. வெளியே வந்த பிறகு எதற்காகவும், பள்ளிப் பைக்காகவும் நாய்க்குட்டிக்காகவும் கூட, திரும்ப உள்ளே போகாதே. எல்லோரும் ஒன்றுகூடும் இடம் இந்த மாமரம்.

நடந்துவிட்டால்

எண்ணெய்ச் சட்டியிலும் மண்ணெண்ணெயிலும் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது தீயைப் பரப்பும். சட்டியை மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள். கொட்டிய மண்ணெண்ணெய்த் தீக்கு மணலைப் போடுங்கள். குசினி வாசலில் ஒரு வாளி மணல் செலவில்லாத தீயணைப்புக் கருவி. தீ பெரிதானால் பொருட்களை விட்டு ஆட்களை எடுங்கள். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கென்று ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. பிறகு அங்கே ஒரு பிரிவு உருவானது. என்றாலும் உள் கிராமத்து ஓலை வீட்டுக்கு எந்த வண்டியும் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

எரிந்த இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைக் கோப்பையால் தொடர்ந்து ஊற்றலாம். உடனே முடியாமல் போனாலும், மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, நல்லெண்ணெய், முட்டை வெள்ளை, மை, சாம்பல் எதுவும் வேண்டாம். காயத்தில் கிருமி சேரும், வைத்தியர் அதைத் துடைத்தெடுக்கும்போது பிள்ளைக்கு இரட்டை வலி. காப்பு, மோதிரம், அரைநாண் கொடியை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மற்ற உடம்பைப் போர்த்தி, 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளையின் தோல் மெல்லியது. பெரியவருக்குச் சின்னதாகத் தெரியும் காயம் பிள்ளைக்கு ஆழமாக இருக்கலாம். முகம், கை, மூட்டு, மறைவிடம் எரிந்தாலும், புகையை உள்ளிழுத்திருந்தாலும் அளவு பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். எப்படி நடந்தது என்று அங்கே உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடியது என்று சொன்னால் பொலிஸ் வருமோ என்று பயந்து கதையை மாற்றினால் சிகிச்சை பிழைக்கும்.

இன்றிரவு சாப்பிட்ட பிறகு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நீ விளையாடேக்க எங்கையாவது நெருப்புப் பிடிச்சிட்டால் என்ன செய்வாய்?" "ஓடிவந்து உங்களிட்டச் சொல்லுவன்" என்று அது சொன்னால் பாதி வேலை முடிந்துவிட்டது. "அம்மா அடிப்பா" என்றோ "ஒளிச்சிருப்பன்" என்றோ சொன்னால், நெருப்புப்பெட்டியை உயரத்தில் வைப்பதற்கு முன்பே திருத்த வேண்டியது அந்தப் பதிலைத்தான். "நீ என்ன செய்திருந்தாலும் பரவாயில்லை, முதலில ஓடிவந்து சொல்லு, அதுக்கு அடிக்க மாட்டன்" என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.